ஐந்தாவது மைலில் ஒரு பெயர்

சிகாகோ நகரத்தின் வடக்கு எல்லையில் டெவன் அவென்யூவைத் தாண்டும் இடத்தில் ஒரு சாலைக்குப் பெயர் மாறிவிடுகிறது. வடக்கே லிங்கன்வுட், ஸ்கோக்கி, எவன்ஸ்டன் ஆகிய புறநகர்களில் அது கிராஃபோர்ட் அவென்யூ. தெற்கே நகரத்துக்குள் இறங்கியதும் புலாஸ்கி ரோடு. நடுவில் வளைவு இல்லை, பிரிவு இல்லை. ஒரே நேர்கோடு. சிகாகோவில் கதவிலக்கங்கள் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனையிலிருந்து கணக்கிடப்படுகின்றன. ஒரு மைலுக்கு 800 எண். இந்தச் சாலை மேற்கே 4000. அதாவது ஸ்டேட் தெருவிலிருந்து சரியாக ஐந்தாவது மைல்.

ஸ்கோக்கியில் குடியிருக்கும் என் அண்ணன் மகள்தான் இதை முதலில் சொன்னாள். "வந்த புதுசுல ரெண்டும் வேற வேற ரோடுன்னுதான் நினைச்சேன் சித்தப்பா. ஆபீஸ்ல ஒருத்தர் புலாஸ்கில இருக்கேன்னார், நான் கிராஃபோர்ட்ல இருக்கேன்னேன். அப்புறம் பார்த்தா ரெண்டு பேரும் ஒரே ரோட்டுல இருக்கோம்." ஏன் இப்படி என்று அவள் கேட்டு வைத்திருந்த பதில் ஒரு வரிதான்: போலந்துக்காரர்கள் கேட்டு வாங்கிய பெயர் அது, நகர எல்லையோடு நின்றுவிட்டது. அந்த ஒரு வரிக்குள் ஒரு பெரிய கதை இருப்பது தெரிந்தது. அந்தச் சாலையை வடக்கிலிருந்து தெற்கே பஸ்ஸில் பார்த்துக்கொண்டே போவது என்று கிளம்பிவிட்டேன்.

கிளம்பிய இடம் ஃபாஸ்டர் அவென்யூ முனையில் உள்ள பொஹீமியன் தேசியக் கல்லறைத் தோட்டம். செக் நாட்டிலிருந்து வந்தவர்கள் 1877-இல் ஏற்படுத்தியது. தங்கள் சமூகப் பெண் ஒருவரை அடக்கம் செய்யக் கத்தோலிக்கப் பாதிரியார் மறுத்துவிட்டார் என்ற கோபத்தில், எந்தத் திருச்சபையையும் சாராத தோட்டத்தைத் தாங்களே வாங்கினார்கள். இங்கேதான் ஆன்டன் செர்மாக் படுத்திருக்கிறார். புலாஸ்கி ரோடு கதைக்கு இவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

செர்மாக் இன்றைய செக் குடியரசிலுள்ள க்லாத்னோவில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். சுரங்கத்திலும் தள்ளுவண்டியிலும் பிழைத்து அரசியலுக்குள் நுழைந்தார். 1931 மேயர் தேர்தலில் எதிர்த்து நின்ற வில்லியம் தாம்ப்சன், வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர் என்று மேடைக்கு மேடை இவரைக் கிண்டல் செய்தார். அந்தக் கிண்டல் செக்குகளை மட்டும் சுடவில்லை. போலந்துக்காரர், லிதுவேனியர், யூதர் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. செர்மாக் வென்றார். இரண்டு ஆண்டு முடிவதற்குள், 1933 பிப்ரவரி 15 அன்று மயாமியில், பதவியேற்கவிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை நோக்கி ஒருவன் சுட்ட குண்டு செர்மாக் மீது பாய்ந்தது. மார்ச் 6 அன்று இறந்துபோனார். நகரம் அவர் நினைவாக 22-ஆவது தெருவுக்குச் செர்மாக் ரோடு என்று பெயர் வைத்தது.

செக்குகளுக்கு ஒரு சாலை கிடைத்ததும் போலந்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அப்போது சிகாகோவில் போலந்து வம்சாவளியினர் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர். செர்மாக்குக்குப் பின் மேயரான எட்வர்ட் கெல்லி ஐரிஷ் வம்சாவளியினர். போலந்து வாக்குகள் அவருக்கு வேண்டும். 1933 முடிவதற்குள் நகரசபை கிராஃபோர்ட் அவென்யூவைப் புலாஸ்கி ரோடு என்று மாற்றியது. வாக்குக் கணக்கு இருந்தது உண்மை. ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், கேட்டவர்கள் ஏன் கேட்டார்கள் என்பது விட்டுப்போகும்.

காசிமீர் புலாஸ்கி 1745-இல் வார்சாவில் பிறந்தவர். 1768-இல் பார் என்ற ஊரில் கூடி ரஷ்ய ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த கூட்டணியில் போரிட்டுத் தோற்று, நாட்டைவிட்டு ஓடியவர். பாரிஸில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பரிந்துரை பெற்று 1777-இல் அமெரிக்கா வந்தார். பிராண்டிவைன் போரில் வாஷிங்டனின் படை பின்வாங்கும்போது குதிரைவீரர்களை நடத்திக் காப்பாற்றினார். அமெரிக்கக் குதிரைப்படையின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். 1779 அக்டோபர் 9 அன்று சவானா முற்றுகையில் காயம்பட்டு இரண்டு நாளில் இறந்தார். 34 வயது. அமெரிக்க விடுதலைக்காக உயிர் கொடுத்த ஒரு போலந்துக்காரர். நாங்கள் நேற்று வந்தவர்கள் இல்லை, இந்த நாடு பிறக்கும்போதே எங்கள் ரத்தம் சிந்தியிருக்கிறது என்று சொல்ல இவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

புலாஸ்கியின் முகத்தை நான் முதலில் பார்த்தது முந்தைய நாள், மில்வாக்கி அவென்யூ 984-ஆம் எண் கட்டடத்தில் இருக்கும் போலிஷ் மியூசியம் ஆஃப் அமெரிக்காவில். பெரிய கூடத்தின் சுவரை நிறைத்துக்கொண்டு, சவானாவில் அவர் குதிரையோடு பாயும் ஓவியம் தொங்குகிறது. 1933-இல் ஸ்தானிஸ்வாஃப் காச்சோர் பதோஃப்ஸ்கி வரைந்தது. சாலைக்குப் பெயர் வைத்த அதே ஆண்டு. இந்த ஓவியத்தை வாங்கி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது ஒரு பெண்கள் சங்கம்.

இந்தச் சங்கங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாலையில் புலாஸ்கியின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் நிலைத்து நின்றதற்குப் பின்னால் இருப்பது இவைதான். அருங்காட்சியகம் இருக்கும் கட்டடமே போலிஷ் ரோமன் கத்தோலிக்க யூனியனின் தலைமையகம். 1873-இல் டெட்ராய்ட்டில் தொடங்கிப் பின்னால் சிகாகோவுக்கு வந்த அமைப்பு. அதற்குப் போட்டியாக 1880-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, உடனே சிகாகோவில் வேரூன்றியது போலிஷ் தேசியக் கூட்டணி. முதலாவது சங்கத்துக்கு நம்பிக்கைதான் முதல். கத்தோலிக்கராக இல்லாதவர் எப்படிப் போலந்துக்காரர் ஆவார் என்று கேட்டது. இரண்டாவதற்கு நாடுதான் முதல். வேற்று மதத்தவருக்கும் மதநம்பிக்கை இல்லாதவர்க்கும்கூட அதில் இடம் உண்டு. அருகருகே நிற்கும் இரண்டு பங்குக்கோயில்கள், புனித ஸ்தானிஸ்லாஸ் கோஸ்த்கா ஒன்று, மூவொரு கடவுள் கோயில் மற்றொன்று, இந்தச் சண்டையின் இரண்டு பாசறைகளாக இருந்தன. இரண்டாவது கோயில் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து, போப்பின் தூதர் வந்து 1893-இல் தீர்த்துவைக்கும் அளவுக்குப் பகை முற்றியிருந்தது.

இவ்வளவு சண்டைக்கும் நடுவே இரண்டும் செய்த வேலை ஒன்றுதான். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக் கூடங்களிலும் இரும்பு ஆலைகளிலும் தோல் பதனிடும் கூடங்களிலும் வேலை பார்த்த உறுப்பினர்கள் மாதாமாதம் சிறு தொகை கட்டினார்கள். ஆள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும். நம் ஊர்ச் சங்கங்கள் மரண சகாய நிதி என்று சொல்வதுதான் அது. எந்திரத்தில் அகப்பட்டுச் சாகிறவன் அன்றாடம் உண்டு. ஆலை முதலாளி கையை விரித்துவிடுவான். மொழி தெரியாத விதவைக்குச் சங்கம்தான் கதி. அந்தச் சந்தாப் பணத்திலிருந்துதான் பத்திரிகை, நூலகம், பள்ளி, சிலைகள் எல்லாம் முளைத்தன. தேசியக் கூட்டணி முதலில் பெண்களைச் சம உறுப்பினர்களாகச் சேர்க்கவில்லை. ஸ்தெஃபானியா க்மியெலின்ஸ்கா என்ற தையல்காரப் பெண்மணி 1898-இல் சிகாகோவில் பெண்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். புலாஸ்கியின் ஓவியத்தை வாங்கிக்கொடுத்தது அந்தச் சங்கம்தான். தையல் ஊசி பிடித்த கைகளின் சந்தா அந்தச் சுவரில் தொங்குகிறது என்று நினைத்தபோது ஓவியத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

அருங்காட்சியகத்தில் உதவிக்கு இருந்த மூதாட்டி என்னைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே, "உங்கள் நாட்டில் ஜாம்நகர் மகாராஜா எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றினாரே, தெரியுமா?" என்றார். இரண்டாம் உலகப்போரில் சோவியத் முகாம்களிலிருந்து வெளிவந்த போலந்துக் குழந்தைகளுக்கு நவாநகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி பாலாச்சடியில் இடம் கொடுத்தார். வார்சாவில் இன்று 'நல்ல மகாராஜா சதுக்கம்' என்று அவர் நினைவாக ஓர் இடம் இருக்கிறது. பெயர் வைப்பதை இவர்கள் நன்றிக்கடனாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைத்தது.

போலந்து 1772, 1793, 1795 என்று மூன்று தவணைகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூவராலும் பங்குபோடப்பட்டு, 1918 வரை 123 ஆண்டுகள் ஐரோப்பிய வரைபடத்தில் இல்லாமல் போன நாடு. இந்தச் சங்கங்கள் தொடங்கியபோது, போலந்து என்று காட்ட ஒரு வரைபடமும் கிடையாது. அமெரிக்கக் குடியேற்ற அதிகாரி இவர்களை ரஷ்யர், ஜெர்மானியர், ஆஸ்திரியர் என்று பதிந்துகொண்டிருந்தான். வரைபடத்திலிருந்து துடைக்கப்பட்ட நாட்டின் பிள்ளைகள், வந்து சேர்ந்த ஊரின் வரைபடத்தில் வடக்கிலிருந்து தெற்கே நீளும் ஒரு கோட்டுக்குத் தங்கள் பெயரைக் கேட்டார்கள். அது வீண் பெருமை என்று எனக்குப் படவில்லை. அவர்களுக்கு அது உரிமை.

கல்லறைத் தோட்டம் இருக்கும் ஃபாஸ்டர் முனையிலிருந்து 53-ஆம் எண் பஸ் தெற்கே இறங்குகிறது. அடிசன் தெருவுக்கு அருகில் மில்வாக்கி அவென்யூ குறுக்கே வெட்டிப் போகிறது. அங்கிருந்து தென்கிழக்கே கொஞ்ச தூரத்தில் புனித ஹையசிந்த் கோயில். அதைச் சுற்றிய பகுதியைப் போலந்துக்காரர்கள் யாத்ஸ்கோவோ என்பார்கள். பின்னால் வந்த தலைமுறை புறநகர்களுக்குப் போய்விட்டது. நார்த் அவென்யூவுக்கு வரும்போது பஸ்ஸில் காதில் விழுவது ஸ்பானிஷ் மொழி. லேக் தெருவில் மேலே ரயில் பாலம். அதைக் கடந்து மேடிசன் தெரு.

மேடிசனும் கிராஃபோர்டும் சந்தித்த இந்த முனை அந்தக் காலத்தில் சிகாகோவின் மேற்குப் பகுதியின் பெரிய கடைவீதி. பெயர் மாற்றத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் கடைக்காரர்கள் முன்னால் நின்றார்கள். பெயர்ப்பலகை, கடிதத்தாள், விளம்பரம், வாடிக்கையாளர் மனத்தில் பதிந்த முகவரி எல்லாம் மாற வேண்டும். 1933 என்பது பொருளாதார மந்தத்தின் அடி ஆழம். அவர்கள் சொன்ன செலவுக் கணக்கு பொய்யில்லை. பீட்டர் கிராஃபோர்ட் அந்த வட்டாரத்தில் நிலம் வைத்திருந்த ஆரம்பகாலக் குடியேறி. அவர் பெயரை எடுப்பதில் வருத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் செலவு என்ற சொல்லுக்குள் வேறொன்றும் ஒளிந்திருந்தது. கிராஃபோர்ட் என்று எழுதிய கடை மதிப்பானது, புலாஸ்கி என்று எழுதினால் கூலிக்காரப் பேட்டை என்ற நினைப்பு. வழக்கு 19 ஆண்டு நடந்தது. 1952-இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் புலாஸ்கி பக்கம் முடித்துவைத்தது. இத்தனை ஆண்டும் அந்தப் பெயரை விட்டுக்கொடுக்காமல் நின்றது சந்தா கட்டிய சமூகம். நகரசபையில் ஒருநாள் கை தூக்கியவர்களின் பெயரை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

இன்று அந்த முனையில் கடைவீதியின் சாயல் கொஞ்சம்தான். நான் பார்த்தபோது வாஷிங்டன் பூலவார்டில் கயான் ஹோட்டல் மூரிஷ் பாணியில் நின்றது. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின் எழுந்த கலவரத்தில் மேடிசன் தெரு எரிந்தது; அந்தக் காயம் ஆறவில்லை. வழக்குப் போட்டவர்களும் போய்விட்டார்கள், ஜெயித்தவர்களும் போய்விட்டார்கள். அங்கே குடியிருக்கும் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் முகவரியாகச் சொல்வது புலாஸ்கியை.

மேற்கே இந்த இடத்தைத் தாண்டினால் தெருப்பெயர்கள் வரிசையாகக் 'கே' எழுத்தில் தொடங்குகின்றன. கார்லோவ், கீலர், கில்டேர், கோஸ்ட்னர். இண்டியானா எல்லையிலிருந்து எண்ணினால் இது பதினோராவது மைல், 'கே' பதினோராவது எழுத்து. சிகாகோ எதையும் கணக்குப் போட்டுத்தான் வைக்கும். அந்தக் கணக்குக்கு அடங்காமல் புகுந்து உட்கார்ந்த பெயர் புலாஸ்கி. இன்னும் தெற்கே போனால் புலாஸ்கி ரோடும் செர்மாக் ரோடும் ஒன்றையொன்று வெட்டும் முனை. இரண்டும் 1933-இல் கிடைத்த பெயர்கள். இரண்டும் குடியேறிகளின் பெயர்கள். சற்றுத் தள்ளி 26-ஆவது தெருவில் மெக்சிக்கோக்காரர்களின் ரொட்டிக்கடைகளும் கல்யாண உடைக் கடைகளும். சிகாகோவில் இன்று நான்கு ரயில் தடங்களில் புலாஸ்கி என்ற பெயரில் நிலையம் இருக்கிறது. பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு. அந்தப் பெயரை நாளெல்லாம் உச்சரிப்பவர்களில் பெரும்பாலோருக்குப் போலந்தோடு எந்த உறவும் இல்லை. 1952-இல் ஜெயித்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு இது அவர்கள் பெற்ற வெற்றியைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

31-ஆவது தெரு பக்கம் பஸ் மாற வேண்டும். அடுத்த வண்டி ஆர்ச்சர் அவென்யூ வரை கொண்டுபோய் விட்டது. ஆர்ச்சர் நேர்கோட்டு நகரத்தில் குறுக்குச்சாலையாகத் தென்மேற்கே ஓடுவது. இங்கேதான் தாத்ரா மலையடிவாரமான பொட்ஹாலேயிலிருந்து வந்த மலைநாட்டார்கள் குடியேறினார்கள். 1929-இல் தங்களுக்கென்று வட அமெரிக்கப் போலிஷ் மலைநாட்டார் கூட்டணி என்ற சங்கத்தை அமைத்தார்கள். ஆர்ச்சர் அவென்யூவில் அவர்களுடைய இல்லம் செதுக்கிய மரமும் செங்குத்தான கூரையுமாகச் சுற்றியுள்ள செங்கல் கட்டடங்களுக்கு நடுவே தனித்துத் தெரிகிறது. சங்கத்துக்குள் ஊருக்கு ஒரு கிளை. தங்கள் கிராமத்தின் பெயரையே அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். பேச்சு, ஆட்டம், பிடில் இசை எல்லாம் சமவெளிப் போலந்துக்காரர்களிடமிருந்து வேறு. பெரிய சங்கங்கள் மத்தியில் தங்கள் மலையைத் தனியாகக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் அது. ஆர்ச்சரின் ஒரு பகுதிக்கு நகரம் 'போலிஷ் ஹைலாண்டர்ஸ் வே' என்று கௌரவப் பெயர் கொடுத்திருக்கிறது. தனிமனிதர் யாரையும் குறிக்காமல், சங்கத்தையும் அதன் மக்களையும் குறிக்கும் பெயர்.

கௌரவப் பெயர் என்றால் சாலையின் உண்மைப் பெயர் மாறாது. பச்சைப் பலகையில் ஆர்ச்சர் அப்படியே இருக்கும். அதே கம்பத்தில் பழுப்புப் பலகை ஒன்று சேரும். தபால்காரருக்கும் கதவிலக்கத்துக்கும் அதோடு சம்பந்தமில்லை. வட்டார நகரசபை உறுப்பினர் முன்மொழிந்தால் நகரசபை ஏற்றுக்கொள்வது வழக்கம். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகள் சிகாகோ முழுக்க உள்ளன. மிச்சிகன் அவென்யூவில் ஆர்ட் இன்ஸ்டிடியூட் வாசலில் 'சுவாமி விவேகானந்தா வே' உண்டு. 1893-இல் உலக மதங்களின் மாநாடு அந்தக் கட்டடத்தில்தான் நடந்தது. அவர் கப்பலேறுவதற்கு ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். டெவன் அவென்யூவின் இந்தியக் கடைத்தெருவுக்கு 'காந்தி மார்க்' பலகை. பழுப்புப் பலகைகளை வெறும் அலங்காரம் என்று அங்கே பலர் சொல்லக் கேட்டேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1933-இல் இந்த வழி இருந்திருந்தால் கடைக்காரர்களின் செலவும் மிஞ்சியிருக்கும், 19 ஆண்டு வழக்கும் வந்திருக்காது. ஆனால் புலாஸ்கியைத் தன் முகவரியாகச் சொல்லும் மெக்சிக்கோக் குழந்தையும் இருந்திருக்காது. இரண்டையும் எடை போட்டால் நான் பச்சைப் பலகையின் பக்கம்தான் நிற்பேன்.

ஆர்ச்சரிலிருந்து ஆரஞ்சு ரயில் பிடித்து நகர மையத்துக்குத் திரும்பி, ஏரிக்கரையில் சாலிடாரிட்டி டிரைவ் வரை நடந்தேன். ஆட்லர் கோளரங்கத்துக்குப் போகும் இந்தச் சிறு சாலைக்குப் பெயர், 1980-இல் க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்த தொழிற்சங்கத்தின் பெயர். போலந்தில் அந்தச் சங்கம் ஒடுக்கப்பட்டுக்கொண்டிருந்த 1980களின் தொடக்கத்தில் சிகாகோ அதற்கு ஒரு சாலையைக் கொடுத்தது. போகும் வழியில் போலந்து வீரர் கோசியுஸ்கோ குதிரைமேல் நிற்கிறார். 1904-இல் ஹம்போல்ட் பூங்காவில் போலந்துச் சமூகம் நிறுவிய சிலை, 1978-இல் இங்கே இடம் மாறியது. கோளரங்கத்தின் முன்னால் கோபர்னிகஸ், அவருடைய 500-ஆவது பிறந்த ஆண்டான 1973-இல் வந்தவர். வார்சாவில் தோர்வால்ட்சன் செய்த சிலையின் மறுவார்ப்பு. செக் எழுத்தாளர் காரெல் ஹவ்லிச்செக்கும் அதே சாலையில் இருக்கிறார்.

இந்தச் சாலைக்கு முன்பு ஆக்சா பாண்ட் டிரைவ் என்று பெயர். இல்லினாய் மாநிலத்தின் முதல் ஆளுநர் ஷாட்ரக் பாண்டின் மனைவி அவர். அவர் பெயர் எடுக்கப்பட்டபோது கிராஃபோர்டுக்காக வாதாடியதுபோல அவருக்காக யாரும் 19 ஆண்டு நீதிமன்றம் போகவில்லை. அந்தப் பெயர் அருகே எங்காவது ஒரு பழுப்புப் பலகையாகவாவது இருக்க வேண்டும். அதைக் கேட்பதற்கு உரிமை மிகுந்தவர்கள் அந்தச் சாலையைப் பெற்ற போலந்துச் சங்கங்கள்தான். அவர்கள் கேட்டால் நகரசபை மறுக்காது.